தாம்பாளத்து வெள்ளைச் சேலையும் கொஞ்சம் லத்தீனும்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் அமெரிக்காவின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடாமல் காப்பதற்காகக் கடல் தாண்டிப் போயிருக்கும் என் மகன் அருளுக்கு, பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து உன் அப்பா எழுதுவது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. அன்றைக்குப் போனில் நீ போட்ட கத்தலிலேயே உன் நுரையீரல் இரண்டும் பிரமாதமாக இருப்பது தெரிந்துவிட்டது. அந்தக் கத்தலில் அல்சூர் ஏரிக் கொக்குகள் எல்லாம் கிளம்பி ஓசூர்ப் பக்கம் குடிபோய்விட்டதாக இங்கே பேச்சு. "செல்வி வீட்டுல போய் என்னப்பா பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாய். "அது பெரிய கதைடா, லத்தீன்ல ஆரம்பிக்குது" என்றேன். டொக்கென்று வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லமாட்டேன். லத்தீனில் ஆரம்பிக்கும் கதையைக் கடல் கடந்த போனில் எந்த மகனும் கேட்கமாட்டான். அதனால்தான் எழுதுகிறேன். இது ரகசியக் கடிதமும் இல்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மா வரிவரியாகப் படிப்பாள், நான் கூட்டிச் சொன்ன இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு கிழிப்பாள், பிறகு மாடி வீட்டு டீச்சரம்மாவிடம் காட்டுவாள். டீச்சரம்மாவுக்குத் தெரிந்தால் நம் பங்குக் கோயிலுக்கே தெரிந்த மாதிரி. ஆகவே ஊர் நடுவில் நின்று உனக்குச் சொல்வதாகவே வைத்துக்கொள். உன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பாதிரியாராகப் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்தவன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இளங்குருமடத்தில் கற்ற பணிவு, பொறுமை, மௌனம் மூன்றையும் அங்கேயே வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். லத்தீன் மட்டும் வேட்டியில் ஒட்டிய நெருஞ்சி மாதிரி கூடவே வந்துவிட்டது. ஃபாக்டரி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காலம் முழுக்க அது தூங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனதும் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் ஒரு லத்தீன் அகராதி வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, கண்டக்டர் நான்கு பேரை எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். (அம்மா கோடு கிழிப்பாள், கிழிக்கட்டும்.) அந்த அகராதியை நான் சும்மாதான் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ செல்வியைப் பற்றி வீட்டில் சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு வேலை வந்தது.

நீ சொன்ன மறுநாளே நம் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பெண் என்ன படித்திருக்கிறாள், என்ன வேலை, எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்பார்கள் என நினைத்து நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு கலரா?" கலரா என்றால் சிவப்பா என்று அர்த்தம். உலகத்தில் உள்ள அத்தனை நிறத்தையும் குறிக்கவேண்டிய சொல்லைப் பிடித்து ஒரே ஒரு நிறத்துக்கு அடிமை சாசனம் எழுதிக் கொடுத்த இனம் நம் இனம்தான். "கறுப்பு. நல்ல கறுப்பு. மழைக்கு முன்னாடி வானம் எப்படி இருக்குமோ அந்தக் கறுப்பு" என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, இந்தக் கலர் என்ற சொல் எங்கிருந்துதான் வந்தது என்று அகராதியைத் திறந்தேன். திறந்தவன் மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்தேன். (இது உண்மை. அம்மா கோடு கிழிக்கமாட்டாள்.)

கேள். கலர் லத்தீன்காரனுடைய சொல். அதன் பாட்டன் முப்பாட்டனைத் தேடிப்போனால், மறைப்பது, மூடி வைப்பது என்ற பொருளுள்ள ஒரு வேரில் போய் நிற்கிறது. அந்த வேரிலிருந்து வந்த வினைச்சொல்லைக் குருமடத்து உச்சரிப்பில் "சேலாரே" என்போம். நம் சேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நானும் ஆசையாகத் தேடிப் பார்த்தேன், கிடையாது. நிறம் என்றால் அவர்களுக்கு ஒரு பொருளின்மேல் கிடக்கும் போர்வை. உள்ளே இருப்பதை மூடுகிற தோல். நான் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். "இந்தா பாரு, கலர்னா மூடிங்கிறான்" என்று அம்மாவிடம் ஓடினேன். அவள் குழம்புச்சட்டியை மூடிக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச மூடி இது ஒண்ணுதான்" என்றாள்.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க ஆளில்லை. நிழலுக்கு லத்தீனில் உம்ப்ரா. அதன் சின்னக் குழந்தைதான் அம்ப்ரெல்லா. குடை என்றால் குட்டி நிழல். மெக்ஸிகோக்காரன் தலையில் பந்தல் போட்ட மாதிரி ஒரு தொப்பி வைத்திருப்பானே, சோம்ப்ரேரோ, அதுவும் அதே வம்சம். சோம்பர் என்று இங்கிலீஷில் முகத்தை உம்மென்று வைத்திருப்பதைச் சொல்கிறோமே, நிழலுக்கு அடியில் இருப்பவன் என்று அர்த்தமாம். ஆனால் ஷேடு, ஷேடோ இரண்டும் இந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை, வேறு தெரு. கல்யாண ஆல்பம் இருக்கிறதே, அது வெள்ளை என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒன்றும் எழுதாத வெள்ளைப் பலகை. இப்படி நான் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரை யாரும் நம் தெரு வழியாக நிம்மதியாகப் போகமுடியாமல் ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில் இருந்தபோதுதான் நீ விமானம் ஏறினாய். செல்வி வீட்டோடு மற்ற எல்லாம் பேசி முடித்திருந்தோம்: காலையில் நம் கோயிலில் தாலி, சாயங்காலம் ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் மண்டபத்தில் விருந்து. பெண் இந்து என்பதால் கேட்ட அனுமதியும் ஆயரிடமிருந்து வந்தாயிற்று. பாக்கி இருந்தது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுக்கும் கோயில் சேலை மட்டும்.

உன் அம்மாவும் நானும் சிக்பேட் போய் எடுத்தோம். வெள்ளைப் பட்டு, வெள்ளிச் சரிகை, ஓரத்தில் முத்து. நம் வீட்டில் கல்யாணம் என்றாலே வெள்ளைதான். உன் அம்மா கட்டினாள், உன் அத்தைகள் கட்டினார்கள், எதிர்வீடு பக்கத்துவீடு எல்லோரும் கட்டினார்கள். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த நம் கண்ணுக்கு வெள்ளைப் பட்டு என்றால் மணியோசை, கேக், போட்டோ. கடைக்காரர்கூட ஒருமுறை கேட்டார், "மதுவெகா சார், கல்யாணத்துக்கா?" என்று. அவர் இரண்டு மொழியிலும் கேட்டதில் ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது. நானோ அவருக்கு ஆல்பம் என்ற சொல்லின் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்ததும், தாம்பாளத்தில் சேலை, பழம், பூ, மேலே ஒரு கைத்துண்டு போட்டு மூடி, அம்மாவும் நானும் ஆட்டோவில் கிளம்பினோம். தூறல். குடையை விரித்தபோதே எனக்கு வாய் அரித்தது. ஆட்டோ டிரைவருக்கு உம்ப்ராவில் ஆரம்பித்துச் சோம்ப்ரேரோ வழியாக வந்துகொண்டிருந்தபோது அவர் திரும்பி, "சார், கதெ சாக்கு, தாரி ஹேளி" என்றார். கதை போதும், வழியைச் சொல்லுங்கள் என்கிறார். உன் அம்மா அவருக்கு அன்றைக்கு மீட்டருக்கு மேலே சந்தோஷமாகக் கொடுத்தாள்.

செல்வி வீட்டுச் சந்து உனக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும். அந்தச் சந்து முழுக்க ஆட்கள். செல்வியின் தாய்மாமன் மணி புதுச் சட்டை போட்டு வாசலில் நின்றார். தட்டை வாங்குவதற்கு அவர் மனைவி தலைநிறையப் பூவோடு முன்னால் நின்றாள். செல்வியின் அம்மா தனலட்சுமி பின்னால், அடுப்படி வாசலில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ரோமாபுரிச் சக்கரவர்த்தி எழுந்துவிட்டார். பெற்றவள் இருக்க மற்றவள் எதற்கு என்று, நீட்டிய கையை எல்லாம் தாண்டிப் போய், அடுப்படி வாசலில் நின்ற தனலட்சுமியின் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தேன். "நீங்க வாங்கணும் சம்பந்தியம்மா, நீங்கதான் வாங்கணும்" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் கூட்டிச் சொல்லவில்லை. அப்புறம் கைத்துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

மணிதான் முதலில் பேசினார். "என்ன சம்பந்தி இது?"

"சேலை" என்றேன்.

"சேலைன்னு தெரியுது. வெள்ளைச் சேலைய கொண்டாந்து எங்கக்கா கையில குடுக்கிறீங்களே, என்ன அர்த்தம்? மாமா செத்தப்ப எங்க ஆளுங்க கொண்டாந்த கோடியையே வாங்கமாட்டேன்னு தூக்கிப் போட்டவ இவ. அது பத்தாதுன்னு காக்ஸ் டவுன்லேருந்து ஆட்டோ வெச்சுக் கொண்டாந்தீங்களா?"

அருளு, அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டு, "தப்பு ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தால் போதும். உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். தழும்பு இன்னும் இருக்கிறது. நானோ, விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். "எங்க வழக்கத்துல வெள்ளைதாங்க. வெள்ளைன்னா பிரகாசம். லத்தீன்ல பளிச்சுன்னு இருக்கிற வெள்ளைக்கு ஒரு சொல் இருக்கு, அதுலேருந்துதான் கேண்டில் வந்துச்சு, கேண்டிடேட் வந்துச்சு. ரோமாபுரியில ஓட்டுக் கேட்டு நிக்கிறவன் வெள்ளை அங்கிதான் போட்டுக்குவான்" என்றேன்.

"அப்ப எங்க பொண்ணு எலெக்ஷன்ல நிக்கப்போகுதா?" என்றார் மணி.

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. தனலட்சுமி தாம்பாளத்தை என்னிடம் தரவில்லை, உன் அம்மா கையில் கொடுத்தாள், கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க இப்ப போயிட்டு வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்கு மணி திட்டியிருந்தால் தேவலை.

இதுதான் நடந்தது. செல்வி உன்னிடம் போனில் அழுதது இதற்குத்தான். அடுத்த நாட்களில் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம் என்று மணி சொல்லிவிட்டதாக மட்டும் காற்றில் வந்தது. நம் வீட்டிலும் நான் தீண்டத்தகாத பொருள் ஆனேன். காபி கேட்டால் அம்மா "ரோம்ல கேளுங்க" என்றாள். நான் அகராதியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆனால் ஒரு சொல் மட்டும் கட்டிலுக்கடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்ப்ரேஜ். இங்கிலீஷில் மனத்தாங்கல் கொள்வதை அம்ப்ரேஜ் எடுப்பது என்பார்கள். அதுவும் உம்ப்ராவின் பிள்ளைதான், மரத்தடி நிழல். மனம் புண்பட்டவன் வெயிலை விட்டு நகர்ந்து நிழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனை வெயிலில் நின்றுகொண்டு வா வா என்று கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை, நாமும் அங்கே போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. இதைக் குறித்து வைத்துக்கொள். செல்வி என்றைக்காவது பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வாசலில் நின்று விளக்கம் சொல்லாதே. உள்ளே போய் உட்கார். நான் உன் அம்மா விஷயத்தில் இதைக் கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிட்டது.

போகவேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் வெறுங்கையோடு போக என்னால் முடியுமா? அகராதியை மறுபடி இழுத்தேன். ரோமாபுரியில் கல்யாணப் பெண் எதைக் கட்டினாள் என்று தேடினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தபடியே நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரோமாபுரிப் பெண் கல்யாணத்தன்று தலைமுதல் போட்டுக்கொண்ட முக்காட்டுக்கு ஃப்ளாம்மேயும் என்று பெயர். ஃப்ளேம் என்றால் தீ. தீயின் நிறம்! மஞ்சளும் சிவப்பும் கலந்த, நம் கனகாம்பரம் மாதிரி ஒரு நிறம். உடுப்பு வெள்ளை, ஆனால் கல்யாணத்துக்கு அடையாளம் அந்தத் தீ நிற முக்காடுதான். ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்வதற்கு அவர்கள் வைத்த சொல்லே முக்காடு போடுவது என்ற சொல்தான். கல்யாணப் பூசையை நப்ஷியல் மாஸ் என்று கோயில் பத்திரிகையில் அச்சடிக்கிறோமே, அதன் வேர் அதுதான். அதற்கும் மேகத்துக்கும் சொந்தம் உண்டு என்று சிலரும், இல்லை என்று சிலரும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உண்டு என்றே வைத்துக்கொள்ள ஆசை. வெள்ளைதான் வேதம் என்று நான் யார் பெயரைச் சொல்லி வாதாடினேனோ, அந்த ரோமாபுரிக்காரனே ஸ்ரீராம்புரத்தின் கட்சியில் இருந்திருக்கிறான். நான் தோற்றுவிட்டேன் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்த ஜெயித்தவனும் அனுபவித்திருக்கமாட்டான்.

மறு ஞாயிறு அகராதியை ஒரு பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். தனலட்சுமிக்குக் கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் அன்றுதான் லீவு. சந்து வாசலில் மணி தன் ஆட்டோவைச் சாய்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "இதுல என்ன சேலை?" என்றார்.

"புஸ்தகம்."

"அது இன்னும் பேஜாராச்சே" என்றார். ஆனால் வழியை விட்டார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்றேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அகராதியைத் திறக்காமலே. அதற்கப்புறம் திறந்தேன். ரோமாபுரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், தீ நிறத்தைப் பற்றிச் சொன்னேன், நானும் என் குருமடமும் ஒட்டுமொத்தமாகத் தோற்றோம் என்று சொன்னேன். தனலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மணியும் உள்ளே வந்து நிலையில் சாய்ந்துகொண்டார். "இவ்ளோ தூரம் எதுக்கு சம்பந்தி? ஆரஞ்சுக் கலர் எடுக்கிறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுதே. கலர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டு, பையனை அனுப்பாமல் தானே போய் ஒரு ஆரஞ்சுக் கலர் சோடா வாங்கிவந்து உடைத்துக் கொடுத்தார். நான் வெற்றிவாகை சூடிவிட்டேன் என்று நினைத்தேன். கப்பற்படை, யானைப்படை எல்லாம் ஸ்ரீராம்புரம் மெயின் ரோட்டில் அணிவகுத்துப் போவது என் காதில் கேட்டது.

அப்போதுதான் தனலட்சுமி, "சேலைய விடுங்கண்ணே" என்றாள். "உங்க கோயில்ல பொண்ண கையப் புடிச்சு யாரு உள்ள கூட்டியாருவாங்க?"

"அப்பா கூட்டிட்டு வருவாரு. இல்லேன்னா மாமா, அண்ணன்..."

"நான் கூட்டிட்டு வரேன்" என்றார் மணி. "அதான் நான் இருக்கேன்ல."

"நான் வரக்கூடாதா?" என்றாள் அவள்.

மணி என்னிடமிருந்து வாங்கிய காலி பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அவரு போனதுலேருந்து எங்க ஆளுங்க விசேஷம் எதுலயும் நான் முன்னாடி நின்னதில்லண்ணே. யாரும் போன்னு சொன்னதில்ல. நானாவே அடுப்படிக்குப் போயிருவேன். அன்னைக்கு நீங்க எல்லாரையும் தாண்டி வந்து தட்ட எங்கையில குடுத்தீங்க பாருங்க, எனக்குக் கால் தரையில நிக்கல. அப்புறம் துணியத் தூக்கினா வெள்ளை. ஓ, இதுக்குத்தான் எங்கையில குடுத்தாங்களான்னு தோணிருச்சு. இவன் சத்தம் போட்டது சேலைக்கு. எனக்கு வலிச்சது அது."

லத்தீன்காரன் நிறத்தை ஏன் மூடி என்றான் என்று எனக்கு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வெள்ளையா ஆரஞ்சா என்று ஊரே அடித்துக்கொண்டது. விஷயம் அதற்கு அடியில் கிடந்தது. நான் அகராதியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மணிதான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒரு சின்னக் கஷ்டம் வந்தாலும், புருஷன் இல்லாதவ கூட்டியாந்து விட்டா, அதான்னு பேசுவாங்களே."

"பேசட்டும். நான் ஓவர்டைம் பாத்து இவள படிக்க வெச்சப்ப, பேசுறவங்க யாராவது வந்து ஒரு சட்டைக்குப் பட்டன் வெச்சுக் குடுத்தாங்களா?"

"சம்பந்தி வீட்டுல?"

"எங்க வீட்டுல யாரும் பேசமாட்டோம்" என்றேன் நான். அவள் தலையை ஆட்டினாள். "நீங்க நல்லவருண்ணே. ஆனா நீங்க சொன்னா பத்தாது. மாப்பிள்ளத் தம்பி சொல்லணும். அந்தக் கதவு தொறக்கும்போது முன்னாடி நின்னு பாக்கப்போறது அவருதானே. செல்விய நான் கூட்டிட்டு வர்றதப் பாத்து அவரு மொகம் துளி மாறினாலும் எம்பொண்ணு அத ஆயுசுக்கும் மறக்கமாட்டா. அவரு வாயால கேக்காம நான் கோயிலுக்கு வரமாட்டேன். நான் வரலைன்னா அவளும் வரமாட்டா." செல்வி அடுப்படியிலிருந்து வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் நீ எத்தனை ஆயிரம் தடவை போனில் பேசினாலும் இந்த ஒன்றை அவள் உன்னிடம் கேட்கமாட்டாள், எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்காக மாப்பிள்ளையிடம் கெஞ்சியதாக ஆகிவிடக்கூடாது என்று நினைக்கிறாள்.

அங்கிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். பெண்ணை அம்மா கூட்டிவரலாமா என்று கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுக்கப்போகிறார் என்று நான் ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "யாரு கூட்டிட்டு வந்தாலும் சரி, சொன்ன நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தா நான் மோட்சத்துக்கே சிபாரிசு பண்றேன்" என்றார். தயார் செய்த வாதம் வீணாகிவிட்டது. திரும்பி வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத்தான் வெள்ளைப் பட்டின்மேல் உயிர். நீ தொட்டிலில் கிடந்தபோதே உன் பெண்டாட்டிக்கு வெள்ளைப் பட்டுக் கனவு கண்டவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் புத்திசாலித்தனமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசியில், "நான் கட்டினது என் கல்யாணத்துக்கு. அவ கல்யாணம் அவளுது" என்றாள். மறுவாரம் செல்வியையும் தனலட்சுமியையும் கூட்டிக்கொண்டு அவளே சிக்பேட் போனாள், என்னைக் கடைக்குள் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. மூன்று பெண்களும் கடையின் தட்டுகளையெல்லாம் காலிசெய்து, உச்சி வெயில் மாதிரி ஒரு நிறத்தில் எடுத்து வந்தார்கள். அதைப் பிரித்துக் காட்டியபோது நம் வீட்டுக் கூடத்தில் பல்பு போடத் தேவை இருக்கவில்லை. அந்த வெள்ளையைப் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கவுன் தைக்கப்போகிறேன் என்று அம்மா இப்போதே கத்தரிக்கோலைத் தீட்டுகிறாள். அது உங்கள் பாடு.

ஒரு விஷயம் நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொல்வதற்கு முன்னால். எங்கள் கல்யாணத்தில் உன் தாத்தா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது, நான் என் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால் கடித்தது. தலையைத் தூக்கியபோது அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பரிசு வாங்கிக் கொடுத்தேன், எத்தனையோ சொல்லுக்கு வேர் சொன்னேன். அவள் இன்றைக்கும் வருத்தமாகச் சொல்வது அந்த நடை முழுக்க நான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதைத்தான். தனலட்சுமி கேட்டது நியாயம் என்று எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நீ ஷூவைப் பழையதாகப் போட்டுக்கொள்.

இப்போது உன் வேலை. ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் போன் இருக்கிறது. நம்பரை அம்மா தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நம் பகல் நேரத்தில் கூப்பிடு. செல்வியைக் கேட்காதே. "செல்வியோட அம்மாவக் கூப்பிடுங்க" என்று கேள். கடைக்காரர் சந்தைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் ஆகும். மணி கூடவே வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்பார். நிற்கட்டும், அவரும் கேட்கவேண்டியதுதான். நிமிஷம் ஓடுகிறதே என்று வைத்துவிடாமல் பிடித்துக்கொண்டிரு. அவள் வந்து ஹலோ என்றதும், "அத்தை, செல்விய நீங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்று சொல். அப்பா சொன்னார் என்று சொல்லாதே. காரணம் சொல்லாதே, ரோமாபுரியை இழுக்காதே. சொல்லிவிட்டு, அவள் பேசும்வரை சும்மா இரு. ஒருவேளை அழுவாள். அப்போதும் வைக்காதே.